எந்தக் கை

படப்பிடிப்புத் தளத்தில் அவளை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வாயிலிருந்து சொந்தப் பெயரைக் கேட்டவர்கள் அங்கே யாருமில்லை. பற்களுக்கிடையே எப்போதும் ஒரு நூல் முனை இருக்கும். யாராவது ஏதாவது கேட்டால் அதைக் கடித்தபடியே தலையை ஆட்டுவாள். ஐந்து வருடங்களைத் தலையாட்டியே ஓட்டிவிட்டாள். "ஊசியக்கா வாயைத் திறந்தா அன்னிக்குப் பேப்பர்ல வரும்" என்று மேக்கப்காரர் கேலி செய்வார். அதற்கும் ஒரு தலையாட்டல்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வரும் போலீஸ் தொடருக்கு அவள் உடைகளைப் பார்த்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவது, திருடனின் சட்டையைக் கிழிப்பது, கிழித்ததில் சிவப்புச் சாயம் தெளிப்பது, மறுநாள் அதைத் துவைப்பது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் அவளுக்கு வேகமாக எழுத வராது. மற்ற தளங்களில் உடைக்காரர்கள் நோட்டில் எழுதிவைப்பதை இவள் நூலில் தைத்துவைத்தாள். சண்டைக்கு முன்னால் போடும் சட்டையின் காலருக்கு உள்ளே வெள்ளை முடிச்சு, சண்டைக்குப் பின்னால் போடும் சட்டையில் சிவப்பு முடிச்சு. எத்தனையாவது காட்சியோ அத்தனை முடிச்சு. கதையின் கடைசிக் காட்சியைக் காலையிலும் முதல் காட்சியை மாலையிலும் எடுக்கிற இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஐந்து வருடத்தில் ஒரு பொத்தான்கூட இடம் மாறியதில்லை. அதனால் அவள் கட்டி அனுப்பிய உடையை யாரும் மறுபடி சரிபார்ப்பதும் இல்லை.

தொடரில் சண்டையைவிடப் பெயர் போனது அதன் கடைசி வரி. ஒவ்வொரு வாரமும் முடிவில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து ஒரு வாசகம் சொல்வார். ஹெல்மெட் போடச் சொன்னார். மறு வாரம் அவள் தெருவில் நாலு பேர் ஹெல்மெட்டோடு போனார்கள். அடிக்கும் கணவனைப் பற்றிப் புகார் செய்யச் சொன்னார்; அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த பெண் நிஜமாகவே போன் செய்தாள். அந்த வாரங்களில் ஊசியக்காவுக்கு, தான் கஞ்சி போட்ட சட்டைதான் அதைச் சொன்னது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

இந்த வாசகங்களை எழுதுபவர் ஆலோசகர். போலீஸ் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். படப்பிடிப்புக்கு ஜீப்பும் நிலையத்தின் முற்றமும் கிடைப்பது அவரால்தான். கதை எங்கே போக வேண்டும் என்பதிலும் அவர் சொல்தான் எடுபடும். கொஞ்ச நாளாகக் கடைசி வரி ஹெல்மெட்டை விட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. "தப்பு செய்யாதவனுக்குப் பயம் எதுக்கு?" என்று ஒரு வாரம். "வலிக்காம உண்மை வெளிய வராது" என்று இன்னொரு வாரம். பிள்ளைகள் விளையாட்டில் இதைச் சொல்லிக்கொண்டே ஒருவன் முதுகில் ஒருவன் ஏறினார்கள்.

வலிக்காமல் உண்மை வராது என்ற வாரத்தில் அவளுடைய தம்பி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

தம்பி பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒன்பது மாதத்துக்கு முன் அங்கே உதிரிப் பாகங்கள் காணாமல் போயின. விசாரிக்க வேண்டும் என்று நிலையத்துக்குக் கூட்டிப்போனவர்கள் மூன்றாம் நாள் வெளியே விட்டார்கள். திருடியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் தம்பியின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இன்றுவரை எழும்பவில்லை. பணிமனையில் அவனை வாசல் கேட்டில் உட்காரவைத்து வண்டி எண்களை எழுதச் சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் ஊசியக்காதான் அவன் பின்னால் நின்று, இடது கையை முதலில் சட்டைக்குள் விட்டு, பொத்தான் போட்டு, கழுத்திலிருந்து தொங்கும் வெள்ளைத் துணியில் கையைக் கட்டி அனுப்புவாள். அவன் மனைவிக்கு அந்த முடிச்சு கைவரவில்லை. "அண்ணி கட்டினாதான் சாயங்காலம் வரைக்கும் நிக்குது" என்று அவள் விட்டுவிட்டாள்.

அடித்த போலீஸ்காரர்கள் மேல் தம்பி கொடுத்த புகார் இரண்டு முறை தள்ளிப்போய், வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வர இருந்தது. அவன் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த முறையும் வரவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. கண்ணாடி முன் நின்று அவன் சொல்லிச் சொல்லிப் பழகினான். பாதி வரைக்கும் வருவான், பிறகு நிறுத்திவிடுவான்.

தளத்தில் யாருக்கும் இது தெரியாது. தலையாட்டலில் இதையெல்லாம் சொல்லவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை அந்த வாரக் கதையை வாசித்தார்கள். முந்தைய வாரம் மழையில் வேலை கெட்டதால் எல்லாம் கடைசி நேரத்தில் நடந்தது. உதவி இயக்குநர் பெண் வாசிக்க, ஊசியக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து என்னென்ன உடை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். கையில் கட்டு. போலீஸ் அடித்துக் கை போய்விட்டது என்று புகார் கொடுக்கிறான். ஊரே அவனுக்காகக் கொதிக்கிறது. இன்ஸ்பெக்டர் மட்டும் நம்பவில்லை. கடைசியில் சாவிக் கொத்தைத் திடீரென்று அவனை நோக்கி வீசுகிறார். அவன் கட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து லபக்கென்று பிடிக்கிறான். குட்டு உடைகிறது."

ஊசியக்காவின் வாயிலிருந்த நூல் அறுந்தது.

"பிரமாதம்" என்றார் இயக்குநர். "எங்க சார் பிடிச்சீங்க இத?"

"எங்கயும் போகல. ஸ்டேஷன்ல என் கீழ வேலை பாத்த பழைய பசங்க சொன்ன கேஸ்தான்" என்றார் ஆலோசகர். "இப்ப இது ஒரு நோயாப் போச்சு. தட்டினாலே கை உடைஞ்சதுன்னு பேப்பர எடுத்துட்டு வந்துடுறானுங்க. ஜனங்களுக்கு ஒரு விழிப்புணர்வு வேணாமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுடைய தலையும் பழக்கத்தில் ஆடிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஆட்டம் கழுத்தில் வலித்தது.

ஞாயிறு மாலை இது ஒளிபரப்பாகும். திங்கள் காலை தம்பி அந்த அறைக்குள் நுழைய வேண்டும், கையில் கட்டோடு.

புதன்கிழமை, மெக்கானிக் புகார் கொடுக்கும் காட்சி. மெக்கானிக்காக நடித்தவரைத் தளத்தில் அக்யூஸ்ட் என்பார்கள். வெவ்வேறு மீசைகளோடு பதினோரு வாரம் குற்றவாளியாக வந்தவர். நல்ல மனிதர், ஒரு ஈயைக்கூட விரட்ட யோசிப்பார். "இந்த வாரமாவது அடி இல்லாம விடுவாங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கதையில் இடது கை. ஊசியக்கா அவர் எதிரே நின்று, யோசித்து யோசித்து, வெள்ளைத் துணியை இடது கைக்குக் கட்டினாள். இடது பக்கம் எது என்று மறக்காமலிருக்கத் துணியின் ஓரத்தில் ஒரு நீல முடிச்சும் தைத்தாள். கட்டி முடித்து நிமிர்ந்தபோது ஆலோசகர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழகின கட்டு மாதிரி இருக்கேம்மா. ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு நேர்த்தியா கட்ட மாட்டான். வீட்ல யாருக்குக் கை?"

"சின்ன வயசுல... யாருக்கோ" என்றாள். அந்த வாரத்தில் அவள் தளத்தில் பேசிய முதல் சொற்கள் அவை. அதுவும் பொய்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுப் போனார். முப்பது வருடம் ஆட்களைப் பார்த்தே சம்பளம் வாங்கிய கண் அது.

வெள்ளிக்கிழமை காலை தம்பிக்குச் சட்டை மாட்டிவிடும்போது அவன் சொன்னான், "அக்கா, டிவில போடுறான். சாவிய வீசுறாங்க, ஒருத்தன் பிடிக்கிறான். கட்டு போட்ட கையால."

முன்னோட்டத்தை அதற்குள் ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதற்கென்று அந்தத் துண்டை மட்டும் புதன்கிழமையே, இன்ஸ்பெக்டர் இல்லாமல் தனியாக எடுத்திருந்தார்கள். அது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"கேட்ல ஒருத்தன் என் மேல பேனாவ வீசிப் பாத்தான்" என்றான் தம்பி. "விளையாட்டுக்குத்தான். நான் பிடிக்கல. ஏன் பிடிக்கலன்னு சிரிக்கிறான். நல்லா நடிக்கிறேனாம்."

பின்னால் நின்றிருந்ததால் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. காது மடல் சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது.

"திங்கக்கிழமை போகணுமான்னு யோசிக்கிறேன்க்கா."

அவள் முடிச்சை இறுக்கினாள். 

அன்று தளத்தில் கடைசிக் காட்சி. இன்ஸ்பெக்டராக நடிக்கும் நாயகனுக்கு அன்றிரவு வெளிநாட்டுக்கு விமானம்; திரும்ப இரண்டு வாரம் ஆகும். ஆளாளுக்கு அவசரம். துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு ஊசியக்கா அக்யூஸ்ட் எதிரே போய் நின்றாள். துவைக்கும்போது நீல முடிச்சை வெட்டியிருந்தாள், மறுபடி போடவில்லை. கண் துணியில் இருந்தது, மனசு அந்தச் சிவந்த காது மடலில். கைகள் பாட்டுக்குக் கட்டின. அவர் போனில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கையை நீட்டினார், கட்டிக்கொண்டார், போனார்.

சாவி பறந்தது. அக்யூஸ்ட் பிடித்தார். இன்ஸ்பெக்டர் உதட்டோரம் சிரித்தார். நாலு தடவை எடுத்தார்கள். நாலாவது தடவை இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். அப்போதுதான், உடைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவள் அதைப் பார்த்தாள். கட்டு இருந்தது வலது கையில்.

 எப்படி நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. தம்பிக்குப் பின்னால் நின்று கட்டுவாள்; அவன் இடது கை இவளுடைய இடது பக்கம் வரும். இங்கே எதிரே நின்றாள். கைகள் வீட்டில் செய்ததையே செய்துவிட்டன. ஒன்பது மாதப் பழக்கம், அவளுடைய ஐந்து வருட வேலையை ஒரு நொடியில் கவிழ்த்துவிட்டது.

நாயகன் இன்னும் போகவில்லை. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளக்கை அணைப்பதற்குள் மறுபடி எடுத்துவிடுவார்கள்.

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

சொல்லாவிட்டால்? புகார் கொடுக்கும்போது இடது, பிடிபடும்போது வலது. படம் ஒட்டாது. நாயகன் இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய கதை ஏதாவது போடுவார்கள். திங்கட்கிழமை தம்பி போய்விடுவான். அதற்கப்புறம் இவளை வேலையைவிட்டு அனுப்பினால் அனுப்பட்டும். மனசு கிடுகிடுவென்று இதையெல்லாம் கோத்துப் பார்த்தது. பெல்ட் பெட்டிக்குள் விழுந்தது. தொப்பி விழுந்தது. நாயகன் எல்லாருக்கும் கையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். கார் வாசலைத் தாண்டும் வரை அவள் மூச்சை விடவில்லை. வாழ்க்கையில் அவள் எத்தனையோ தடவை பேசாமல் இருந்திருக்கிறாள். வேண்டுமென்றே பேசாமல் இருந்தது அது முதல் தடவை.

சனிக்கிழமை மதியம் கூப்பிட்டார்கள்.

படத்தொகுப்பு அறையில் ஜன்னல் கிடையாது. இரண்டு திரைகளிலும் அக்யூஸ்ட் உறைந்து நின்றார், ஒன்றில் இடது கையில் கட்டு, மற்றதில் வலது கையில். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னக்கா இது? உங்களப் போய் நான் சரிபார்க்கணுமா?"

"என் தப்புதான் சார்."

"படத்தத் திருப்பிப் போட்டுடலாமான்னு பாத்தேன்" என்றார் தொகுப்பாளர். "பின்னாடி இருக்குற ஸ்டேஷன் போர்டு எழுத்தெல்லாம் கண்ணாடில தெரியிற மாதிரி திரும்பி வருது. இன்ஸ்பெக்டர் பேட்ஜும் வலப்பக்கம் போயிடுது."

"போச்சு. பழைய எபிசோடப் போடச் சொல்லி சேனலுக்குப் பேசுறேன்" என்று இயக்குநர் போனை எடுத்தார்.

ஊசியக்கா தரையைப் பார்த்தாள். முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"எதுக்குப் பழையது?" என்றார் ஆலோசகர். நிதானமாகத் திரைக்கு அருகே வந்தார். "பொய் சொல்றவனுக்கு எந்தக் கைன்னு ஞாபகம் இருக்குமா? மறந்துட்டான். புதன்கிழமை இடது, வெள்ளிக்கிழமை வலது. சாவியே வேணாம்யா, இது ஒன்னு போதும் அவன மாட்டிவிட. ஹீரோ முதுகு தெரியிற ஷாட் இருக்கில்ல? அதுமேல அவர் குரல்ல ஒரு வரி போடு. போன்ல பேசி அனுப்பச் சொல்லு."

 இயக்குநர் மேசையில் தட்டினார். "எந்தக் கைப்பா உடைஞ்சது? இப்படி ஒரு வரி. சார், சத்தியமா சொல்றேன், இது எழுதி வராது." அவள் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க தப்பு எபிசோடையே தூக்கி நிறுத்திடுச்சு" என்று கும்பிட்டார்.

  அவளுக்கு எங்கிருந்தோ சொல் வந்தது. "அந்த ஆள் மறக்கல சார். நான்தான் மாத்திக் கட்டினேன்."

"எந்த ஆள்?"

"அந்த மெக்கானிக்."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை. "அப்படி ஒரு ஆளே கிடையாதேக்கா. கதைதானே" என்றார் தொகுப்பாளர். ஆலோசகர் மட்டும் சிரிப்பைச் சீக்கிரம் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தவள், இன்று பேசி என்ன ஆகப்போகிறது.

அன்று வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு மாலை தம்பி மனைவி தொலைக்காட்சியின் வயரையே பிடுங்கிவைத்தாள். "அந்தக் கண்றாவி இன்னிக்கு வேணாம்."

"போடு" என்றான் தம்பி. "நாளைக்கு எல்லாரும் என்ன சொல்லப் போறாங்கன்னு இன்னிக்கே தெரிஞ்சுக்குறேன்."

மாடி வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வழக்கம்போல் இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி கெட்டு மூன்று மாதமாகிறது. பழுது பார்க்கும் எண்ணமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கதை ஓடியது. அக்யூஸ்ட் கையில் கட்டோடு அழுதார். ஊர் கொதித்தது. சாவி பறந்தது. இன்ஸ்பெக்டரின் முதுகு தெரிந்தது, அவர் குரல் வந்தது. "புதன்கிழமை இடது கை. இன்னைக்கு வலது கை. எந்தக் கைப்பா உடைஞ்சது?"

மாடி வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, திருட்டுப் பய, கையே மாறிப்போச்சு..." பாதியில் தம்பியின் கழுத்திலிருந்த துணி கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

திரையில் தொப்பி கழன்றது. "பொய்ப் புகார் எழுதும் கை, நாளை உங்களைக் காப்பாற்ற வரும் கையைத் தடுக்கும் கை" என்றார் இன்ஸ்பெக்டர், கேமராவைப் பார்த்து. கஞ்சி மொடமொடப்பாக இருந்தது. காலர் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் நின்றது. அதுவும் அவள் செய்த வேலைதான்.

வெளியே தெருவில் யாரோ ஒரு பிள்ளை "எந்தக் கைடா?" என்று கத்த, பத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

தம்பி எழுந்தான். "நாளைக்கு நான் போகல. யாரும் என்ன எழுப்ப வேணாம்."

"நில்லுடா" என்றாள் ஊசியக்கா.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தாள். மாடி வீட்டுக்காரர் முன் நின்றாள்.

"அண்ணே, இந்த நாற்காலியில உக்காருங்க."

"நான் வேணும்னு சிரிக்கலம்மா, டிவில வந்தத பாத்து..."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று, தினமும் காலையில் செய்வதுபோல் துணியைக் கழுத்தில் போட்டு இடது கையைக் கட்டினாள். "என் தம்பிக்கு ஒன்பது மாசமா இப்படித்தான் கட்டுறேன். எந்தக் கை?"

"இடது."

அவிழ்த்தாள். சுற்றிவந்து அவர் எதிரே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். கைகளை அவற்றின் போக்கில் விட்டாள். அவை துணியைச் சுற்றின, முடிச்சுப் போட்டன. "இப்ப எந்தக் கை?"

மாடி வீட்டுக்காரர் தன் கையைத் தானே குனிந்து பார்த்தார். "வலது."

"நீங்க மாத்தினீங்களாண்ணே?"

"நான் எங்க மாத்தினேன். நீதான்..." என்றவர் நிறுத்தினார்.

"நான்தான். வெள்ளிக்கிழமை அந்த நடிகருக்குத் தப்பாக் கட்டினது நான். அத இவங்க பொய்க்கு அத்தாட்சியா ஆக்கிட்டாங்க. கட்டு மாறினா பாக்கணும், கட்டினது யாருன்னு. கட்டிக்கிட்டவன இல்ல." மூச்சு வாங்கியது. ஒரே நேரத்தில் இவ்வளவு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தம்பியைப் பார்த்தாள். "தப்பத் தெரிஞ்சும் நான் அங்க வாயத் திறக்கல. படம் நின்னுடும்னு நெனச்சேன். நின்னிருந்தா நீ நாளைக்குப் போவேன்னு நெனச்சேன். என்னாலதான் இன்னும் கேவலமாப் போச்சு."

 தம்பி மனைவி போய்த் தொலைக்காட்சியை அணைத்தாள்.

"இத அங்க வந்து சொல்லுவியாக்கா?" என்றான் தம்பி.

"டிவிக் கதைய யாரு கேக்கப்போறாங்க. கட்டுறத வந்து சொல்றேன்."

"உன் வேலை?"

அவள் வழக்கம்போல் தலையை ஆட்டினாள். ஆம் என்றா, போகட்டும் என்றா, அவனுக்குப் புரியவில்லை. ஆனால் படுக்கப் போகும் முன், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டான். மாடி வீட்டுக்காரர் ஏறிப் போகும் வழியில் கட்டை அவிழ்க்க மறந்து, பாதிப் படியில் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை விசாரணை அலுவலகத்தின் நடைபாதை நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது. வாசலில் பெயர் எழுதிக்கொண்ட ஊழியர் தம்பியைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அடக்க முடியவில்லை. "இன்னிக்கு எந்தக் கை தம்பி?"

தம்பியின் காது மடல் சிவந்தது. அவன் பாதம் ஒரு அடி பின்னால் போனதை அவள் பார்த்தாள். அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"இடது. எழுதிக்கங்க" என்றாள். "ஒன்பது மாசமா அதேதான்."

ஊழியர் சிரிப்பதை விட்டுவிட்டு எழுதினார்.

நடைபாதைப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் காக்கியில். நடுவில் ஆலோசகர். பழைய பசங்களுக்குத் துணையாக வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை; ஒரு கணக்கு முடிந்தது போன்ற தெளிவுதான் வந்தது. எழுந்து அருகே வந்தார்.

"நெனச்சேன். அந்தக் கட்டப் பாத்தப்பவே நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "உன் மேல எனக்குக் கோபமில்லம்மா. நல்லா வேலை செய்யிற பொண்ணு. தம்பிய உள்ள அனுப்பிட்டு நீ தளத்துக்குக் கிளம்பு. நீ இங்க வந்ததே எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்குறேன். உள்ள போனா, அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. சரியா?"

ஐந்து வருடப் பழக்கம் கழுத்துக்குள் அசைந்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். தலை ஆடவில்லை. அவர் பதிலுக்காக நின்றார். அவள் கதவையே பார்த்தாள். உள்ளே மணி அடித்தது.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட வயதான பெண்மணி. தம்பி நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தான். கண்ணாடி முன் வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. நின்றான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வக்கீல் பேனாவை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே, "அடிபட்டதுங்கிறதுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்னு, முதல் வாரத்துது. அதுக்கப்புறம் கை சரியாகலன்னு யார் பாத்தா?" என்றார்.

"நான் பாத்தேன்" என்றாள் ஊசியக்கா.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"அக்கா. இவனுக்குச் சட்டை மாட்டிவிடுறவ."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். ஊசியக்கா பையிலிருந்து மூன்று சட்டைகளை எடுத்து மேசையில் விரித்தாள். மூன்றும் பழையவை, துவைத்துத் துவைத்து நிறம் போனவை. மூன்றிலும் அக்குளிலிருந்து இடுப்பு வரை இடது பக்கத் தையலைப் பிரித்து, உள்பக்கம் பட்டி வைத்து, அமுக்குப் பொத்தான் தைத்திருந்தது.

"கை மேல போகாதுங்க. அதனால இந்தப் பக்கம் முழுசாத் திறந்து, கையை விட்டு, அப்புறம் மூடணும். முதல் சட்டைய அவன் வந்த அடுத்த வாரம் பிரிச்சேன்." காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே நீல நூலில் முடிச்சுகள் வரிசையாக இருந்தன. "எனக்கு எழுத அவ்வளவா வராது. மாசத்துக்கு ஒரு முடிச்சு போட்டுவைப்பேன், எப்ப சரியாகும்னு பாக்குறதுக்கு. இதுல நாலு. இதுல மூனு. இதுல ரெண்டு."

அதிகாரி ஒரு சட்டையை எடுத்துப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். டக். திறந்தார். மறுபடி அமுக்கினார். பொத்தானைச் சுற்றித் துணி நைந்து மெலிந்திருந்ததை விரலால் தடவினார். வக்கீலின் பேனா உருளுவதை நிறுத்தியிருந்தது.

"மத்தவங்க பாக்குறதுக்கு நடிக்கிறவன், வீட்டுக்குள்ள போடுற சட்டைய எதுக்குங்க பிரிக்கணும்" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல்.

கைப்பை அதிர்ந்தது. தளத்திலிருந்துதான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. தானாக அடங்கியது.

தம்பி அவள் பக்கம் பார்த்தான். பிறகு நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை நிற்கவில்லை. எழுத்தர் அதைத் தட்டச்சில் அடித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் நாளைச் சொல்லி முடித்தபோது அவன் சட்டை முதுகு நனைந்திருந்தது.

"சாட்சியா இவங்களையும் சேத்துக்கங்க" என்றார் அதிகாரி.

எழுத்தர் தலையை நிமிர்த்தினார். "பேரு சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மூடாத கதவு வழியே நடைபாதைப் பெஞ்சு வரைக்கும் அது கேட்டிருக்கும்.